இடது பின்பக்க டிரைவ்ஷாஃப்ட் மட்டும் திரும்பத் திரும்பக் கழன்று விழுகிறது, எங்கே தேடுவது?

#1 செம்மண்டிராக்

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1/10 அளவு ரிமோட் கன்ட்ரோல் (ஆர்சி) டிரக், பின்சக்கர இயக்கம் மட்டும். பிரஷ்லெஸ் மோட்டார், 2எஸ் லிபோ (இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி). மூன்று வாரமாக ஒரே தொல்லை. மேடு ஏறிக் குதித்து இறங்கினால், இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ இடது பின்பக்க டாக்போன் (இரு முனையிலும் குறுக்கே ‘பின்’ என்ற ஊசி வைத்த டிரைவ்ஷாஃப்ட்) அதன் முனை உட்காரும் பள்ளமுள்ள கப்பை விட்டு வெளியே வந்துவிடுகிறது. மோட்டார் வீறிட்டுக் கத்தும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். போய்ப் பார்த்தால் டாக்போன் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) மேல் கிடக்கும், சில சமயம் பத்தடி தள்ளிப் புல்லுக்குள் கிடக்கும்.

வலது பக்கம் ஒரு தடவைகூடக் கழன்றதில்லை.

இதுவரை செய்தவை: புது டாக்போன் போட்டேன், அப்படியேதான். கப்பைக் கழற்றித் துடைத்துப் பார்த்தேன், உடையவில்லை. போன மாதம் ஷாக்குகளை மாற்றினேன், பழையதைவிடக் கொஞ்சம் நீளம். அதே சமயத்தில் டிஃப்பை (டிஃபரென்ஷியல், இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் கியர்) திறந்து எண்ணெயும் மாற்றினேன். அதெல்லாம் இதற்குச் சம்பந்தமில்லை என்று நினைக்கிறேன். இப்போது ஸ்டீல் சிவிடி (வெளிமுனையில் மூட்டு வைத்த டிரைவ்ஷாஃப்ட்) ஜோடி வாங்கிப் போட்டுவிடலாமா என்று யோசனை. அதோடு பிரச்சினை தீர்ந்துவிடுமா?

#2 பழையபக்கி

தம்பி, இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். சிவிடி போட்டாலும் வெளிப்பக்க மூட்டுதான் ஆக்ஸிலோடு சேர்ந்து இருக்கும். உள்பக்கம் அதே கப், அதே பின். உங்களுக்குக் கழல்வது உள்பக்கம் என்றால் சிவிடியும் அங்கேயேதான் கழலும். அப்போது ஷாஃப்ட்டின் ஒரு முனை ஆக்ஸிலில் மாட்டிக்கொண்டு மறுமுனை சுற்றும். எனக்கு அப்படி ஆகி ஆர்ம், ஷாக் அடிமூடி இரண்டும் போயின. டாக்போன் தெறித்து விழுந்தாலாவது சேதம் குறைவு.

முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். எந்த முனை முதலில் விடுகிறது, டிஃப் பக்கமா சக்கரப் பக்கமா? தெரியாவிட்டால் கப்பின் விளிம்பைப் பாருங்கள். விடுகிற பக்கத்தில் பள்ளத்தின் வாய் மட்டும் தேய்ந்து வட்டமாகியிருக்கும். அடி அப்படியே புதிதாக இருக்கும்.

இன்னொன்று, நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது “வலது பக்கம் ஒரு தடவைகூட இல்லை” என்பதுதான். நீள ஷாக் மட்டும் காரணம் என்றால் இரண்டு பக்கமும் கழல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் என்றால் வண்டியில் ஏதோ ஒன்று நடுவில் இல்லை. ஹிஞ்ச் பின் (ஆர்ம் ஆடும் அச்சு ஊசி) வளைந்திருக்கலாம், ஆர்ம் ஓட்டை நீள்வட்டமாகியிருக்கலாம், ஆர்மைப் பிடிக்கும் பிளாக்கில் கீறல் இருக்கலாம், டிஃப் ஒதுங்கியிருக்கலாம், இடது கேம்பர் லிங்க் (சக்கரத்தின் சாய்வைத் தீர்மானிக்கும் மேல் கம்பி) நீளமாக வைத்திருக்கலாம். இந்த ஐந்தைத் தாண்டிப் போக வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

கை வைப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். விரல் கப்புக்குப் பக்கத்தில் இருக்கும்போது யாராவது டிரிகரைத் தொட்டால் அவ்வளவுதான்.

#3 ஸ்க்ரூடிரைவர்48

நண்பரே, இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. கப்புக்குள் சின்னதாக ஒரு துண்டு ஃபோம் வெட்டி வையுங்கள், அல்லது சிலிகான் எரிபொருள் குழாயில் 3 மி.மீ. துண்டு. டாக்போன் நடுவில் நிற்கும். நான் ஒரு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன். ஐந்து நிமிட வேலை.

#4 பழையபக்கி

ஃபோம் தப்பு என்று சொல்ல மாட்டேன். தார்ச்சாலையில் ஓடும் டூரிங் கார்களிலும் பக்கிகளிலும் கப்புக்குள் ஃபோமோ சின்ன ஸ்பிரிங்கோ வைப்பது நெடுநாள் வழக்கம். ஆனால் அது செய்யும் வேலை வேறு. இரண்டு கப்புக்கு நடுவில் டாக்போன் முன்னும் பின்னும் நகர இடம் இருக்கும். ஒரு பக்கக் கப்பில் அடிவரை போய் ஒட்டிக்கொண்டால் மறுபக்கம் வாயில் நிற்கும். இரண்டிலும் சம அளவு ஃபோம் இருந்தால் அந்த நகர்வு நின்றுவிடும். நடுவில் நிற்கும் டாக்போனுக்கே நீளம் போதவில்லை என்றால் ஃபோம் ஒன்றும் செய்யாது.

அதுமட்டுமல்ல. ஃபோம் அதிகமாகத் திணித்தால் சஸ்பென்ஷன் அமுங்கும்போது அது நசுங்க இடமில்லாமல் டிஃப் பேரிங்கையும் ஹப் (சக்கர அச்சைத் தாங்கும் பாகம்) பேரிங்கையும் பக்கவாட்டில் தள்ளும். பேரிங் பக்கவாட்டுச் சுமைக்குச் செய்ததில்லை. ஆர்மும் தடங்கலோடு இறங்கும், நாம் ஷாக் எண்ணெயைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு மெல்லிய ஃபோம் வையுங்கள். முதலில் வைத்தால் காரணம் மறைந்துவிடும்.

ஒரு வருடமாக ஓடுகிறது என்றால் உங்கள் வண்டியில் அளவு ஏற்கெனவே சரியாக இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

#5 நிலாவேகம்

செம்மண்டிராக், அளந்து பார்க்க ஒரு எளிய வழி சொல்கிறேன். கறுப்பு மார்க்கர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். டிஃப் கப்பின் இரண்டு பள்ளத்திலும் உள்சுவர் முழுக்க மை பூசுங்கள். ஒரு நிமிடம் காயட்டும். டாக்போனைப் போட்டு, ஷாக்குகளை மாட்டியபடியே, ஆர்மை மேலிருந்து கீழ்வரை ஆட்டிக்கொண்டு சக்கரத்தைக் கையால் இருபது முப்பது சுற்று சுற்றுங்கள். சுற்றும்போது எதிர்ப்பக்கச் சக்கரத்தை லேசாகப் பிடித்துக்கொண்டால் பின் பள்ளச் சுவரில் அழுத்தி உரசும்.

அப்புறம் கழற்றிப் பாருங்கள். பின் போன இடமெல்லாம் மை அழிந்து உலோகம் தெரியும். நல்ல வண்டியில் அந்தப் பளபளப்பு பள்ளத்தின் நடுவில் ஒரு பட்டையாக இருக்கும், விளிம்புக்கு முன்னாலேயே மை அழியாத ஒரு கறுப்புக் கோடு மிஞ்சும். உங்கள் இடது கப்பில் அந்தக் கறுப்புக் கோடு இருக்காது என்பது என் ஊகம். இரண்டு பக்கமும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். பார்த்த உடனே புரியும்.

காலிபர் இருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று அளவு எடுங்கள்: வண்டி தரையில் சாதாரணமாக நிற்கும்போது, சக்கரம் முழுக்கத் தொங்கும்போது, தொங்கும்போது சக்கரத்தைக் கையால் வெளியே இழுத்துப் பிடித்தபடி. மூன்றிலும் பின்னின் நடுவிலிருந்து கப் விளிம்புவரை எத்தனை மி.மீ. என்று பாருங்கள். பின் படுக்கையாக இருக்கும்படி திருப்பி வைத்து அளக்க வேண்டும். பின் நிமிர்ந்து நின்றால் மேல்முனை ஒரு அளவும் கீழ்முனை வேறு அளவும் காட்டும்.

#6 செம்மண்டிராக்

அக்கா, மார்க்கர் வேலை அருமை. இன்று மாலை உட்கார்ந்து செய்தேன். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. இடது டிஃப் கப்பில் பளபளப்பு விளிம்பைத் தாண்டி ஓடிவிட்டது, வாய் ஓரத்தில் சின்னதாக ஒரு சொரசொரப்பும் இருக்கிறது, நகத்தில் தட்டுகிறது. வலது கப்பில் விளிம்பு ஓரம் மெல்லிய கறுப்புக் கோடு மிச்சம்.

அளவுகள் (பின் நடுவிலிருந்து டிஃப் கப் விளிம்புவரை):
இடது: நிற்கும்போது 3.4, தொங்கும்போது 1.6, இழுத்தால் 0.9
வலது: நிற்கும்போது 4.4, தொங்கும்போது 2.6, இழுத்தால் 1.9

பின்னின் மொத்த நீளம் 11 மி.மீ. முழுக்கத் தொங்கும்போது டாக்போன் சுமார் 20 டிகிரி சாய்கிறது. கைபேசியை வைத்துப் பார்த்தது, ஒரு டிகிரி முன்னே பின்னே இருக்கலாம்.

பழையபக்கி அண்ணா சொன்னவற்றையும் பார்த்தேன். ஹிஞ்ச் பின்னைக் கண்ணாடிமேல் உருட்டினேன், வளைவு இல்லை. பிளாக்கில் கீறல் இல்லை. கேம்பர் லிங்க் இரண்டும் ஒரே நீளம்.

இன்னொரு விஷயம், இது பிரச்சினையா என்று தெரியவில்லை. வலது டாக்போனின் உள்முனை உருண்டையின் உச்சியில் மட்டும் ஒரு மிளகு அளவுக்குக் கண்ணாடிபோல மினுங்குகிறது. கப்பின் அடியிலும் அதே மாதிரி ஒரு புள்ளி. இடதில் அப்படி இல்லை.

#7 கணக்குப்பிள்ளை

அளவு கொடுத்ததற்கு நன்றி, இப்படிக் கொடுத்தால்தான் பேச முடியும். இரண்டு விஷயம் இதில் இருக்கிறது, தனித்தனியாகப் பார்ப்போம்.

ஒன்று, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம். மூன்று நிலையிலும் சரியாக 1.0 மி.மீ. நின்றாலும் தொங்கினாலும் இழுத்தாலும் அதே 1.0. ஆர்மிலோ பின்னிலோ தேய்மானம் இருந்தால் இழுக்கும்போது மட்டும் வித்தியாசம் கூடியிருக்கும். மாறாத வித்தியாசம் என்றால் கப்புகளே இடம் மாறியிருக்கின்றன. டிஃப் மொத்தமாக வலப்பக்கம் 0.5 மி.மீ. நகர்ந்தால் இடது பக்கம் 0.5 குறையும், வலது பக்கம் 0.5 கூடும், வித்தியாசம் 1.0. வலது டாக்போன் உச்சியில் மினுங்கும் புள்ளிக்கும் இதுதான் காரணம். வலது கப் சக்கரத்துக்கு நெருங்கிவிட்டதால் சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது டாக்போன் கப்பின் அடியில் போய் இடிக்கிறது.

டிஃப்பைத் திறந்து எண்ணெய் மாற்றினேன் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள். பேரிங்குக்கும் டிஃப்புக்கும் நடுவில் இருந்த வாஷர்கள் எங்கே என்று பாருங்கள்.

இரண்டாவது, சாய்வு. பலரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. டாக்போன் சாயும்போது அதில் இருக்கும் பின்னும் கூடவே சாயும். சுற்றும்போது ஒரு நேரத்தில் பின்னின் ஒரு முனை கப்பின் வாயை நோக்கி வரும், எதிர்முனை உள்ளே போகும். எவ்வளவு வரும் என்றால், பின்னின் பாதி நீளத்தைச் சாய்வுக் கோணத்தின் சைனால் பெருக்க வேண்டும். உங்கள் பின் பாதி 5.5. 20 டிகிரியில் 5.5 × 0.342, அதாவது 1.9 மி.மீ. இடது பக்கம் தொங்கும்போது நடு 1.6 மி.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது. ஆக ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை, பின்னின் ஒரு முனை விளிம்பைத் தாண்டி 0.3 மி.மீ. வெளியே எட்டிப் பார்க்கிறது. சக்கரம் வெளியே இழுபட்டால் 1.0 மி.மீ. வெளியே. காற்றில் இருக்கும்போது நீங்கள் டிரிகரை அழுத்திப் பிடித்திருந்தால் அந்த ஒற்றை முனை விளிம்பில் ஏறி, அடுத்த கால்சுற்றில் டாக்போனையே வெளியே தள்ளும். விளிம்பில் நகத்தில் தட்டும் சொரசொரப்பு அப்படி ஏறிய தடம்தான்.

வலதில் 2.6 ஆழம், முனை 1.9 வருகிறது, இன்னும் 0.7 உள்ளேதான் இருக்கிறது. இழுத்தால் மட்டும் சரிக்குச் சரி. அதனால்தான் அது இதுவரை பிழைத்திருக்கிறது.

#8 ஸ்க்ரூடிரைவர்48

இந்தச் சைன் கணக்கு எனக்கு இதுவரை தெரியாது. நீளம் போதவில்லை என்றால்தான் கழலும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று இரவே என் வண்டியிலும் அளக்கிறேன்.

#9 செம்மண்டிராக்

கணக்குப்பிள்ளை சார், கண்ணில் பார்க்காமலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள்!

கியர்பாக்ஸைத் திறந்தேன். இடது பக்கத்தில் இரண்டு வாஷர், ஒன்றன்மேல் ஒன்றாக, கிரீஸில் ஒட்டிக்கொண்டு ஒரே வாஷர் மாதிரி இருந்தன. வலது பக்கத்தில் ஒன்றுமே இல்லை. காலிபரில் ஒவ்வொன்றும் 0.5. எண்ணெய் மாற்றிய அன்று வலது வாஷர் பேரிங்கோடு ஒட்டி வந்து தப்பான பக்கம் போயிருக்க வேண்டும். பக்கத்துக்கு ஒன்றாக மாற்றிப் போட்டுவிட்டேன்.

இப்போது இரண்டு பக்கமும் நிற்கும்போது 3.9, தொங்கும்போது 2.1, இழுத்தால் 1.4. இதோடு விட்டுவிடலாமா?

#10 பழையபக்கி

நல்ல வேலை. ஆனால் விட வேண்டாம். 2.1 ஆழம், முனை 1.9 வெளியே வருகிறது, மிச்சம் 0.2. இழுத்தால் முனை இன்னும் வெளியேதான். இப்போது இரண்டு பக்கமும் சமமாகக் கழலும் வண்டி உங்களிடம் இருக்கிறது. நீள ஷாக் பக்கம் வருவோம்.

தொங்கும் அளவைக் குறைக்க வேண்டும். சில வண்டிகளில் ஆர்மில் ஒரு கிரப் ஸ்க்ரூ (முழுக்க உள்ளே இறங்கும் ஸ்க்ரூ) இருக்கும், கீழே இறக்கினால் சேஸில் முட்டி ஆர்மை நிறுத்தும். உங்கள் டிரக்கில் அது இருக்காது என்று நினைக்கிறேன். அப்படியென்றால் ஷாக்குக்கு உள்ளே வேலை. எண்ணெயை ஊற்றிவிட்டு பிஸ்டனோடு ஷாஃப்ட்டை வெளியே எடுங்கள். பிஸ்டனுக்குக் கீழே, ஷாஃப்ட்டில், ஒரு ஸ்பேசர் கோர்க்க வேண்டும். ஷாக் நீளும்போது பிஸ்டன் அந்த ஸ்பேசரில் உட்கார்ந்து முன்னாலேயே நின்றுவிடும். முழுக்க அமுங்கும் தூரம் மாறாது.

எவ்வளவு தடிமன் என்பதில் கவனம் வேண்டும். ஷாக் ஆர்மின் நடுவில் மாட்டியிருந்தால், ஷாக்கில் 2 மி.மீ. குறைத்தால் சக்கரத்தில் ஏறத்தாழ 4 மி.மீ. குறையும். ஷாக் சாய்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் அதிகம். அதனால் 2 மி.மீ.யில் ஆரம்பியுங்கள், போட்டு அளந்து பாருங்கள், போதாவிட்டால் இன்னொன்று. இரண்டு ஷாக்கும் ஒரே நீளமா என்று பக்கத்தில் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். அரை மி.மீ. வித்தியாசம்கூட வண்டி குதித்து இறங்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ப்பதில் தெரியும்.

தொங்கும் அளவை அடியோடு எடுத்துவிடாதீர்கள். மேடு பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கி மண்ணைத் தேட அது வேண்டும். கரடுமுரடான தடத்தில் அதை ரொம்பக் குறைத்தால் வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளும்.

அப்புறம் அந்த “இழுத்தால்” வரும் 0.7 மி.மீ. ஆட்டம். அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சக்கரத்தை ஒரு கையால் பிடித்து உள்ளே வெளியே ஆட்டி, இன்னொரு கை விரலை ஒவ்வொரு மூட்டாக வையுங்கள். ஹப்பில் ஆக்ஸில் நகர்கிறதா, ஆர்ம் ஹிஞ்ச் பின்னில் நகர்கிறதா என்று விரலுக்குத் தெரியும். ஹப்பில் என்றால் பேரிங்குக்கும் ஹெக்ஸுக்கும் (சக்கரம் மாட்டும் அறுகோணத் துண்டு) நடுவில் ஒரு மெல்லிய ஷிம் (வளையத் தகடு). ஆர்மில் என்றால் ஓட்டை தேய்ந்திருக்கிறது, ஆர்மை மாற்றுவதுதான் சரி.

#11 முன்சக்கரம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், தனி இழை தொடங்கலாமா என்று யோசித்தேன், ஆனால் விஷயம் பக்கத்தில்தான் இருக்கிறது. என்னுடையது நான்கு சக்கர இயக்க பக்கி, நான்கிலும் சிவிடி. எனக்குக் கப்பிலிருந்து கழல்வதில்லை. மூட்டில் இருக்கும் குறுக்குப் பின்தான் வெளியே வந்துவிடுகிறது. முன் வலது. மூன்று பின் தொலைத்துவிட்டேன். கிரப் ஸ்க்ரூவை ஒவ்வொரு தடவையும் பலமாகத்தான் முடுக்குகிறேன்.

#12 நிலாவேகம்

பலமாக முடுக்குவதில் இல்லை விஷயம். இந்த மூன்றையும் பாருங்கள்.

அந்தப் பின்னை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பல சிவிடிகளில் பின்னின் நடுவில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். கிரப் ஸ்க்ரூ அந்தத் தட்டையில் உட்கார வேண்டும். வட்டமான பக்கத்தில் உட்கார்ந்தால் கையில் இறுகியது போலத் தெரியும், இரண்டு லிபோ ஓடியதும் பின் லேசாகத் திரும்பி ஸ்க்ரூ தளர்ந்துவிடும். நான் செய்வது: ஸ்க்ரூவை முட்டும்வரை மெதுவாக இறக்கி, கால்திருப்பு திரும்ப எடுத்து, பின்னை நகத்தால் சற்று உருட்டிப் பார்ப்பேன். தட்டை நேரே வந்ததும் பின் உருளாமல் நின்றுவிடும். அப்போது முடுக்குவேன்.

அடுத்தது எண்ணெய்ப்பசை. புது ஷாஃப்ட்டில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும், பழையதில் கிரீஸ் இருக்கும். இரண்டிலும் திரெட்லாக் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) பிடிக்காது. ஸ்க்ரூவையும் அது போகும் ஓட்டையையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, காய்ந்த பிறகு நீல நிற நடுத்தரத் திரெட்லாக் ஒரு சொட்டு. ஒரு இரவு விட்டுவிடுங்கள். சிவப்பு வேண்டாம், பிறகு கழற்றும்போது ஸ்க்ரூவின் அறுகோணக் குழி வட்டமாகிவிடும். நீலமே இறுகிப்போனால் சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூ தலையில் அரை நிமிடம் வைத்தால் இளகும். திரெட்லாக் பிளாஸ்டிக் மேல் படாமல் பாருங்கள், சில பிளாஸ்டிக் அதில் வெடித்துவிடும்.

கடைசியாக, முன்பக்கம் மட்டும் கழல்கிறது என்பதால் கேட்கிறேன்: ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது மூட்டு இடிக்கிறதா? சக்கரத்தைக் கழற்றிவிட்டு, முழுக்கத் திருப்பி, ஆக்ஸிலைக் கையால் சுற்றுங்கள். ஓர் இடத்தில் கட்டிப்போய் நிற்பது போல இருந்தால் மூட்டு அதன் எல்லையைத் தாண்டுகிறது. ரிமோட்டில் ஸ்டியரிங் எல்லையைக் குறைத்து, சுலபமாகச் சுற்றும் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

#13 முன்சக்கரம்

முழுக்கத் திருப்பினால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை கட்டுகிறது! வலது பக்கம் திரும்பும்போது மட்டும். எல்லையைக் குறைக்கிறேன். ஆனால் கட்டாத கோணத்திலும் சக்கரம் ஒரே வேகத்தில் சுற்றாமல் விட்டுவிட்டுத் துடிப்பது போல இருக்கிறதே, அது?

#14 கணக்குப்பிள்ளை

அது பழுதில்லை, அந்த மூட்டின் இயல்பு. சிவிடி என்ற பெயர் எம்ஐபி என்ற அமெரிக்க நிறுவனத்தின் வணிகக்குறி, இப்போது எல்லாரும் பொதுப்பெயராகச் சொல்கிறோம். ‘மாறா வேகம்’ என்று பெயரில் இருந்தாலும் உள்ளே இருப்பது குறுக்குப் பின் வைத்த ஒற்றை மூட்டு. 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த அதே வகை. ஒற்றை மூட்டு வளைந்திருக்கும்போது, உள்ளே போகும் வேகம் ஒரே சீராக இருந்தாலும் வெளியே வரும் வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை கூடிக் குறையும். 30 டிகிரி வளைவில் அது 0.866 மடங்குக்கும் 1.155 மடங்குக்கும் நடுவில் ஆடும். கையில் தெரியும் துடிப்பு அதுதான். பந்தய டூரிங் கார்களின் முன்பக்கம் இரட்டை மூட்டு ஷாஃப்ட் போடுவது இதற்காகத்தான்.

பின்பக்கம் ஏன் துடிப்பதில்லை என்றால், அங்கே இரண்டு மூட்டு இருக்கிறது, டிஃப் கப்பில் ஒன்று, சக்கரப் பக்கம் ஒன்று. டிஃப்பும் ஆக்ஸிலும் ஏறத்தாழ இணையாக இருக்கின்றன, டாக்போனின் இரண்டு பின்னும் ஒரே தளத்தில் இருக்கின்றன. ஒரு முனையில் கூடுவது மறுமுனையில் கழிந்துவிடும். சாதாரண டாக்போன் இந்த விஷயத்தில் மிக நேர்மையான பொருள். எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு.

#15 பாறையேறி

என் கிராலரில் (பாறை ஏறும் ஆர்சி வண்டி) நடு ஷாஃப்ட், அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போவது, பாறையில் முழுக்க முறுக்கும்போது இரண்டாகப் பிரிந்து விழுகிறது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பிளாஸ்டிக் வகை. இதற்கும் இதே கணக்கா?

#16 பழையபக்கி

அதே யோசனைதான், கப்புக்குப் பதிலாக உறை. ஆக்ஸில் முழுக்கத் தொங்கும் நிலையில் உள்குழாய் வெளிக்குழாய்க்குள் எவ்வளவு நுழைந்திருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். குழாயின் விட்டத்தைவிடக் குறைவாக நுழைந்திருந்தால் எனக்கு நம்பிக்கை வராது. லிங்க் நீளத்தை மாற்றி வீல்பேஸைக் கூட்டியிருந்தால் நீளமான ஷாஃப்ட்டே போட வேண்டும். பிரிந்ததை மறுபடி சேர்க்கும்போது இரண்டு முனையின் கவைகளும் ஒரே திசையில் இருக்கும்படி நுழையுங்கள். ஒரு பல் தள்ளி நுழைத்தால் கணக்குப்பிள்ளை மேலே சொன்ன கழிதல் நடக்காது, ஷாஃப்ட் அதிரும்.

#17 ஸ்க்ரூடிரைவர்48

அளந்தேன். என் வண்டியில் ஃபோமை எடுத்துவிட்டுப் பார்த்தால் வலது பின்பக்கம் இழுக்கும்போது மட்டும் 1.2 மி.மீ. வித்தியாசம். நிற்கும்போது இரண்டு பக்கமும் சமம். மேலே சொன்னபடி, மாறும் வித்தியாசம் என்றால் ஆர்ம் அல்லது பின். ஹிஞ்ச் பின்னைக் கண்ணாடிமேல் உருட்டினேன், நடுவில் ஒரு தாள் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. ஆர்மின் உள்ஓட்டையும் அதற்கேற்ப நீண்டிருக்கிறது. ஒரு வருடமாக ஃபோம் இதை மறைத்து வைத்திருந்திருக்கிறது. பின், ஆர்ம் இரண்டையும் மாற்றிவிட்டு, ஃபோமைப் பாதியாக வெட்டி வைத்திருக்கிறேன். பழையபக்கி, நீங்கள் சொன்னது சரி.

#18 செம்மண்டிராக்

வேலை முடிந்தது, விவரம் எழுதுகிறேன், பின்னால் யாராவது இதே தொல்லையோடு வந்தால் உதவும்.

ஷாக்கில் பிஸ்டனுக்குக் கீழே 2 மி.மீ. ஸ்பேசர் போட்டேன், போதவில்லை, 3 ஆக்கினேன். இப்போது தொங்கும்போது சாய்வு 14 டிகிரி. ஹப்பில்தான் ஆட்டம் இருந்தது, இரண்டு பக்கமும் ஷிம் போட்டதில் 0.7 இருந்தது 0.4 ஆனது. தொங்கும்போது ஆழம் 2.7, இழுத்தால் 2.3. 14 டிகிரியில் பின் முனை 1.3 வருகிறது, ஆக இழுத்துப் பிடித்தாலும் 1.0 மி.மீ. உள்ளேயே நிற்கிறது. இடது கப்பின் வாயில் இருந்த சொரசொரப்பை மெல்லிய அரத்தால் லேசாகத் தேய்த்துவிட்டேன்.

ஆறு லிபோ ஓட்டினேன். அதே மேடு, அதே தாவல். ஒரு தடவைகூடக் கழலவில்லை. ஒவ்வொரு தாவலுக்குப் பிறகும் அந்தக் கத்தல் வரப்போகிறது என்று காத்திருந்தேன், வரவில்லை. எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

கடைசியாக ஒரு கேள்வி. டாக்போன்களின் பின்னில் ஒரு முகம் மட்டும் தேய்ந்திருக்கிறது. முனை மாற்றிப் போட்டால் இன்னும் கொஞ்ச நாள் வருமா?

#19 கணக்குப்பிள்ளை

அதே பக்கத்தில் முனையை மாற்றிப் போட்டால் பயனில்லை, மறுபடி அதே முகங்கள்தான் சுமை தாங்கும். கையில் ஒரு பென்சிலைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தால் தெரியும். இடது டாக்போனை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றுங்கள். முனை எப்படிப் போனாலும் பரவாயில்லை, தேயாத முகம் வேலைக்கு வரும். கப்பையும் அப்படி மாற்றலாம், ஆனால் கப்புகளை மட்டும் கழற்றி இடம் மாற்றுங்கள். அந்த இரண்டு வாஷர் மேலும் ஒரு கண் இருக்கட்டும்.

#20 செம்மண்டிராக்

வாஷர் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் என்று கியர்பாக்ஸ் உள்சுவரில் மார்க்கரால் எழுதியே வைத்துவிட்டேன் சார்.